மதிலுக்குள் ஒண்டுக் குடித்தனம்

சென்னை சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் நோக்கிச் செல்லும் புறநகர் மின்வண்டியில் ஏறினால், ஆவடி, இந்துக் கல்லூரி, பட்டாபிராம் ஆகிய நிலையங்களைக் கடந்ததும் வருவது நெமிலிச்சேரி. அதற்கடுத்த நிலையம் திருநின்றவூர். வண்டலூரில் தொடங்கிய வெளிவட்டச் சாலையின் முதற்பகுதி 2014-ஆம் ஆண்டில் இவ்வூர் வரையில் வந்து நின்றது. 2021-இல் அது மீஞ்சூர் வரையில் நீண்டது. சாலை வந்ததும் மனை வணிகர் வந்தனர். 2024 நவம்பரில் அருகிலுள்ள பட்டாபிராமில் டைடல் பூங்காவும் திறக்கப்பட்டது. வெட்டவெளியாய்க் கிடந்த இடங்களில் இன்று உயர்ந்த மதில்களும், மதில்களுக்கு நடுவே இரும்புக் கதவுகளும், கதவுகளுக்கருகே நீலச் சட்டை அணிந்த காவலர்களும் காட்சி தருகின்றனர். விளம்பரங்களில் ‘கேட்டட் கம்யூனிட்டி’ என்று கூறப்படும் அத்தகைய மதில்சூழ் குடியிருப்பு ஒன்றில்தான் 2019 முதல் நாங்கள் வாழ்ந்து வருகிறோம்.

இப்படிப்பட்ட இடத்தில் வீடு வாங்க எண்ணும் குடும்பங்கள் நம்மிடையே பெருகி வருகின்றன. திருப்பலி முடிந்து வெளியே வரும்போது, “உங்கள் இடம் எப்படி இருக்கிறது? வாங்கலாமா?” என்று எங்களைக் கேட்போர் பலர். கோவில் முற்றத்தில் நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய விடையன்று அது. ஆகவேதான் இங்கே எழுதத் துணிந்தோம். எங்கள் தவறு ஒன்றையும் இதில் மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்கு வருமுன் நாற்பது ஆண்டுகள் நாங்கள் வாழ்ந்தது பெரம்பூரில், ஓர் ஒண்டுக் குடித்தனத்தில். இக்காலப் பிள்ளைகளுக்கு அச்சொல்லின் பொருளை விளக்கியாக வேண்டும். ஒரே தலைவாசல், உள்ளே நீண்ட நடை, நடையின் இருமருங்கிலும் ஏழு குடும்பங்கள், முற்றத்தில் ஒரு கிணறு, ஓர் அடிகுழாய், கொல்லையில் இரண்டே கழிவறைகள். இரவு பத்து மணியானால் வீட்டுக்கார அம்மாள் தலைவாசலைத் தாழிட்டுவிடுவார். ஒரு வீட்டில் மீன் வறுத்தால் ஏழு வீட்டுக்கும் மணம். ஒரு வீட்டில் மனத்தாங்கல் என்றால் ஏழு வீட்டுக்கும் செய்தி. கழிவறையை யார் கழுவுவது, குழாயடியில் யார் குடம் முதலில், மாடியில் யார் துணி உலர்த்துவது என்பவற்றில் நாள்தோறும் வழக்கு, நாள்தோறும் சமாதானம். அந்த நெருக்கத்தில் நாங்கள் சலித்துப் போனோம். பிள்ளைகள் இருவரும் வெளியூர்களில் வேலையில் அமர்ந்து, ஓய்வூதியமும் கைக்கு வந்தபோது, ‘இனியேனும் எவர் தொல்லையுமின்றி, நமக்கென்று ஒரு கதவை அடைத்துக்கொண்டு வாழ்வோம்’ என்றே முடிவு செய்தோம். விளம்பரத் தாளில் இருந்த புல்வெளியும், நீச்சற்குளமும், பூட்டிய பெருங்கதவும் எங்கள் உள்ளத்தைக் கவர்ந்தன.

வாங்குமுன் பார்க்க வேண்டியவற்றில் சிலவற்றைப் பார்த்தோம், சிலவற்றைக் கோட்டைவிட்டோம். பார்த்தவற்றை முதலில் சொல்வோம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ, எட்டுக்கு மேற்பட்ட வீடுகளோடோ கட்டி விற்கப்படும் திட்டம் எதுவாயினும், 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி ஆணையத்தில் பதிவு பெற்றாக வேண்டும். அப்பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, ஆணையத்தின் இணையதளத்தில் சரிபார்த்தோம். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுமுன் வீட்டின் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் பெறக்கூடாது என்பதும் அச்சட்டத்தின் விதி. “இன்றே கால் பங்கு கட்டினால் சலுகை உண்டு” என்று விற்பனையாளர் வற்புறுத்தியபோது அவ்விதியைச் சொல்லி மறுத்தோம். வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம், திட்ட அனுமதி ஆகியவற்றை ஒரு வழக்கறிஞரிடம் காட்டினோம். விளம்பரத்தில் சொல்லும் சதுர அடி வேறு, நாம் உள்ளே நடமாடும் ‘கார்ப்பெட் ஏரியா’ வேறு என்பதையும், சுவருக்கு வெளியே உள்ள படிக்கட்டும் நடையும் கூட்டிச் சொல்லப்பட்ட கணக்கே பெரிய எண்ணாகத் தெரிகிறது என்பதையும் அறிந்துகொண்டோம். சட்டப்படி விலை பேச வேண்டியது கார்ப்பெட் ஏரியாவின் மேல்தான். எங்களுக்கு நிலத்தில் எவ்வளவு ‘பிரிபடாத பாகம்’ என்பது பத்திரத்தில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்தோம். கட்டடம் பழையதாகி இடிந்தாலும் எஞ்சி நிற்பது அந்த நிலப் பங்குதானே!

இவையெல்லாம் எங்கள் வீட்டைப் பற்றிய கேள்விகள். எங்கள் வீட்டுக்கு வெளியே, மதிலுக்கு உள்ளே இருப்பவற்றைப் பற்றி நாங்கள் ஒன்றுமே கேட்கவில்லை. நீர் எங்கிருந்து வருகிறது? கழிவுநீர் எங்கே போகிறது? இதையெல்லாம் யார் நடத்துவது? எவ்வளவு செலவாகும்? இக்கேள்விகள் எங்கள் மனத்தில் எழவே இல்லை. புல்வெளியைப் பார்த்தோம்; அதற்கடியில் இருந்த தொட்டியைப் பார்க்கவில்லை.

முதற்பாடம் அந்தப் புல்வெளியிலேயே காத்திருந்தது. எங்கள் குடியிருப்பு மூன்று ஏக்கர் பரப்புடையது. குடியேறிய சில மாதங்களில், தெருவோரத்துப் பிள்ளைகள் பூங்காவுக்குள் வந்து பந்து விளையாடுகிறார்கள் என்று சிலர் முறையிட்டனர். பூங்காவுக்கும் சாலைக்கும் இடையே இருந்த சிறு கதவுக்குப் பூட்டுப் போடத் தீர்மானமும் கொண்டு வந்தனர். அப்போதுதான் ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவர் திட்ட வரைபடத்தை விரித்துக் காட்டினார். தமிழ்நாட்டில் பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் இத்தகைய வளர்ச்சி நடந்தால், பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எங்கள் விளம்பரத் தாளில் எங்கள் பூங்காவாகப் படம் பிடிக்கப்பட்டிருந்த இடம், உண்மையில் ஊருக்குச் சொந்தமான இடம்! அதைப் பூட்ட நமக்கு உரிமையில்லை.

தனி வீட்டு மனைகளாகப் பிரித்து விற்கப்படும் இடங்களில் இது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். மனைப்பிரிவுக்கு அனுமதி பெறும்போதே அதன் சாலைகள் தானப் பத்திரத்தின் வழியே உள்ளாட்சிக்குச் சேர்ந்துவிடுகின்றன. அத்தகைய சாலையின் தலைப்பில் கதவு இருக்கலாம், காவலர் இருக்கலாம்; ஆயினும் அது பொதுச் சாலையே. ‘எங்கள் தெருவில் நீ ஏன் வந்தாய்?’ என்று எவரையும் தடுக்கச் சட்டம் இடம் தருவதில்லை. ஆகவே, கதவை நம்பி மனை வாங்குவோர், அந்தக் கதவுக்குப் பின்னாலுள்ள சாலை யாருடையது என்று முதலில் கேட்டறிய வேண்டும். எங்கள் பூங்காவின் சிறு கதவு இன்றும் பூட்டப்படவில்லை. மாலையில் தெருப்பிள்ளைகளும் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளும் ஒரே பந்தின் பின்னால்தான் ஓடுகிறார்கள்.

இரண்டாம் பாடம் பணத்தைப் பற்றியது. சென்ட்ரல் நிலையத்தின் பக்கத்தில் வால்டாக்ஸ் சாலை இருப்பதை நம்மில் அறியாதார் இலர். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் படையும் ஐதர் அலியின் குதிரைப் படையும் சென்னையைக் கலக்கிய பின், ஆங்கிலக் கம்பெனியார் அன்றைய கருப்பர் நகரத்தைச் சுற்றி மதில் எழுப்பினர். மதிலின் செலவைக் குடிமக்களிடமிருந்து வரியாகப் பெறவும் எண்ணினர். அந்த மதில்வரி வசூலாகவே இல்லை என்பர். ஆனால் மதில் மறைந்த பின்னும் பெயர் மட்டும் சாலைக்கு நிலைத்துவிட்டது. மதில் என்று ஒன்று எழும்பினால் அதற்கு வரி என்று ஒன்றும் எழும்பும் என்பதை அந்தச் சாலை நமக்கு நினைவூட்டுகிறது. எங்கள் மதில்வரியின் பெயர் பராமரிப்புக் கட்டணம். சதுர அடிக்கு மாதம் இரண்டரை ரூபாய் என்று தொடங்கியது. தொள்ளாயிரம் சதுர அடி வீட்டுக்கு மாதம் 2,250 ரூபாய். காவலர் சம்பளம், மின்தூக்கி, ஜெனரேட்டருக்கு டீசல், நீரேற்றும் மின்சாரம், கோடையில் தண்ணீர் லாரி, துப்புரவு ஆகிய அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும்.

கட்டியவர் இரண்டு ஆண்டுகள் தாமே பராமரித்துவிட்டுப் பின் விலகிக்கொண்டார். அவர் விலகிய அன்றுதான் நாங்கள் யாவரும் திகைத்தோம். எங்கள் உறவினர் ஒருவர் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையின் எஸ்டேட்டில் நெடுங்காலம் வாழ்ந்தவர். அதுவும் மதில்சூழ் குடியிருப்புத்தான். ஆனால் அங்கே குழாய் ஒழுகினால் எழுதிப் போட ஓர் அலுவலகம் உண்டு. சாலை பெயர்ந்தால் பொறுப்பேற்க ஓர் அதிகாரி உண்டு. எங்கள் இடத்திலோ, வீட்டுக்கார அம்மாளும் நாமே, குடித்தனக்காரரும் நாமே, எஸ்டேட் அதிகாரியும் நாமே! வீடுகளில் பெரும்பாலானவை பதிவானதும் மூன்று மாதத்துக்குள் உரிமையாளர் சங்கம் அமைய வேண்டும் என்றும், பொது இடங்களின் உரிமையும் ஆவணங்களும் சங்கத்திடம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்றும் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தமிழ்நாட்டில் அடுக்ககங்களுக்கென்றே இயற்றப்பட்ட 2022-ஆம் ஆண்டுச் சட்டமும் 2024-இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாய்க் கட்ட மூன்றில் இரண்டு பங்கினர் இசைந்தால் போதும் என்பது அதன் முக்கியமான விதிகளுள் ஒன்று. ஆகவே, சங்கக் கூட்டத்துக்குப் போகாதவர் தம் வீட்டின் எதிர்காலத்தையே பிறர் கையில் விட்டுவிடுகிறார்.

சங்கம் ஒன்றுபட்டு நின்றால் பயனுண்டு என்பதையும் கண்டோம். மூன்றாம் ஆண்டில் கீழ்த்தளச் சுவர்களில் விரிசல் கண்டது. மாடியில் நீர் கசிந்தது. தனித்தனியே சென்று கேட்டவர்களுக்கு, “பார்க்கிறோம்” என்ற பதிலே கிடைத்தது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரியவந்தால், அதைச் சுட்டிக்காட்டிய முப்பது நாட்களில் கட்டியவரே தம் செலவில் சீர்செய்து தர வேண்டும் என்ற விதியை எடுத்துக்காட்டி, படங்களுடன் சங்கத்தின் பெயரால் பதிவுத் தபால் அனுப்பினோம். வேலை நடந்தது.

இனி, 2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தைச் சொல்ல வேண்டும். மிக்ஜாம் புயல் கொணர்ந்த மழை 3, 4 ஆகிய நாட்களில் சென்னையையும் சுற்றுப்புறங்களையும் மூழ்கடித்தது நம் அனைவருக்கும் நினைவிருக்கும். எங்கள் கீழ்த்தளத்தில் முழங்காலளவு நீர் நின்றது. மின்சாரம் நின்றது. சேமித்திருந்த டீசல் முதல் நாள் இரவோடு தீர்ந்தது. மின்தூக்கி நின்றது, நீரேற்றும் மோட்டாரும் நின்றது. ஐந்தாம் மாடியிலிருந்த முதியவர் ஒருவர், தம் மகன் கடல் கடந்து பணம் அனுப்பி வாங்கிக் கொடுத்த அழகிய வீட்டில், குடிக்க நீரின்றி இரு நாட்கள் தனித்திருந்தார். அவர் அங்கே தனியாய் இருக்கிறார் என்பதே அதே மாடியிலிருந்த எங்களில் பலருக்குத் தெரியாது! கதவடைத்து வாழும் கலையை அவ்வளவு விரைவில் கற்றுக்கொண்டிருந்தோம்.

அவருக்குத் தண்ணீரும் ரொட்டியும் சுமந்து சென்றவர் எங்கள் வாயிற்காவலர். அவரும் அறுபது கடந்தவர்; திருத்தணிப் பக்கத்துக்காரர். மாற்றாள் வர வழியில்லாததால் இரண்டு பகலும் இரண்டு இரவும் வாயிலிலேயே நின்றார். நீர் வடிந்த பின் அவரிடம், “பெரியவரே, இரண்டு நாளும் எங்கே படுத்தீர்கள்?” என்று கேட்டோம். “படுக்க எங்கம்மா இடம்? நாற்காலியைத் தூக்கி மேசை மேலே போட்டு உக்காந்திருந்தேன்” என்றார். அந்தப் பேச்சிலிருந்துதான், அவருக்கென்று ஒரு கழிவறைகூட இல்லை என்பதும், நாள்தோறும் ரயில் நிலையப் பக்கம் போய் வருகிறார் என்பதும் எங்களுக்குத் தெரிய வந்தது. பெரம்பூர் ஒண்டுக் குடித்தனத்தில் இருந்தவை இரண்டே கழிவறைகள். ஆயினும் தெருவில் காய்கறி விற்கும் ஆயாவுக்கும் அங்கே இடமிருந்தது. இங்கோ நூற்றிருபது வீடுகளில் இருநூற்று நாற்பது கழிவறைகள். எங்களைக் காப்பவருக்கு ஒன்றுமில்லை.

இப்போது எங்கள் தவற்றுக்கு வருகிறோம். எங்கள் குடியிருப்பு பாதாளச் சாக்கடையோடு இணைக்கப்பட்டதன்று. கழிவுநீரைச் சுத்திகரிக்க நிலத்துக்கடியில் தொட்டிகள் அமைந்த ஒரு நிலையம் உண்டு. கழிவுநீர் முதலில் ஒரு தொட்டியில் சேர்கிறது. அடுத்த தொட்டியில் இயந்திரத்தால் ஓயாமல் காற்று செலுத்தப்படுகிறது. அக்காற்றைக் கொண்டு வாழும் நுண்ணுயிர்களே கழிவைத் தின்று நீரைத் தெளிய வைக்கின்றன. பின்னர் கசடு அடியில் படிய, தெளிந்த நீர் வடிகட்டப்பட்டுச் செடிகளுக்குப் போகிறது. காற்று நின்றால் நுண்ணுயிர் மடியும். நுண்ணுயிர் மடிந்தால் கழிவு கழிவாகவே தேங்கும். இவ்வளவையும் இன்று சொல்லத் தெரிந்த நாங்கள், அன்று அறிந்திருக்கவில்லை. அறிய முயலவும் இல்லை.

2023-ஆம் ஆண்டின் நடுவில் சங்கச் செயலர் கட்டணத்தைச் சதுர அடிக்கு ஐம்பது காசு உயர்த்த வேண்டும் என்றார். எங்கள் வீட்டுக்கு மாதம் 450 ரூபாய் கூடுதலாகும். “சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பயிற்சி பெற்ற ஆளும் ஆண்டுப் பராமரிப்பும் தேவை” என்று அவர் விளக்கினார். ‘இப்போது என்ன குறைந்துவிட்டது? மின்செலவைச் சுருக்குங்கள்; குறைந்த தொகைக்கு வேறு ஒப்பந்தக்காரரைப் பாருங்கள்’ என்று பலர் கூச்சலிட்டனர். கை உயர்த்தச் சொன்னபோது உயர்வுக்கு எதிராக உயர்ந்த கைகளில் எங்கள் கைகளும் இருந்தன. ஓய்வூதியக்காரருக்கு 450 ரூபாய் சிறிதன்று என்று எங்களுக்குள் நியாயமும் சொல்லிக்கொண்டோம். தீர்மானம் தோற்றது. காற்று செலுத்தும் இயந்திரத்தைப் பாதி நேரம் நிறுத்தி வைத்தனர். குறைந்த தொகைக்கு வேறொருவர் அமர்த்தப்பட்டார். சில மாதங்களில் மாலை வேளைகளில் நாற்றம் வீசத் தொடங்கியது, சன்னல்களை அடைத்துக்கொண்டோம்.

2024 மார்ச்சு மாதத்தில் ஒரு காலை, எங்கள் பால்கனியின் நேர் கீழே தொட்டியின் மூடி திறந்திருந்தது. மோட்டார் அடைத்துக்கொண்டதாம். இருபத்திரண்டு வயதுக்கு மேலிராத இளைஞன் ஒருவன் சட்டையைக் கழற்றி மடித்து மதில் மேல் வைத்துவிட்டு, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். முகமூடி இல்லை, கையுறை இல்லை. கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தவன் அவனினும் இளையவன்.

நாங்கள் எப்படிக் கீழே ஓடினோம் என்று தெரியவில்லை. “தம்பி, இறங்காதே! மேலே வா!” என்று கத்தினோம். அவன் கால் இரண்டும் அப்போது ஏணியின் முதற்படியில் இருந்தன. அவன் நிமிர்ந்து பார்த்து, “அஞ்சு நிமிஷ வேலைதான்யா. நாத்தம்கூட அவ்வளவா இல்லை” என்றான்.

நாற்றம் இல்லை என்பதுதான் அச்சத்துக்குரிய அறிகுறி என்பதை அவன் அறியான். தேங்கிய கழிவிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, சிறிதளவில் அழுகிய முட்டையைப் போல் நாறும். மிகுந்த அளவிலோ மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். இறங்கியவன் சில மூச்சுகளில் மயங்கி விழுவான். அவனைத் தூக்க இறங்கும் உடன்பிறப்பும் அவன் மேலேயே விழுவான். செய்தித்தாள்களில் இத்தகைய சாவுகள் இரண்டும் மூன்றுமாகவே வருவதன் காரணம் இதுவே.

அவனை மேலே ஏற்றி, மூடியை மூடச் செய்தோம். கூடிய சிலர், “ஒப்பந்தக்காரர் பொறுப்பு, நமக்கென்ன?” என்றனர். நமக்கு என்ன என்பதைச் சட்டம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் சட்டப்படி, பாதுகாப்பின்றி எவரையும் கழிவுநீர்த் தொட்டியில் இறக்குவது குற்றம். தாமே இறக்கினாலும், ஏசெண்டு மூலமாக இறக்கினாலும் முதற்குற்றத்துக்கே ஈராண்டுச் சிறையோ, இரண்டு இலட்சம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். சாக்கடையில் இறந்தோர் குடும்பத்துக்குத் தர வேண்டிய இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் பத்து இலட்சத்திலிருந்து முப்பது இலட்சமாக உயர்த்தியது. ஆயினும் அன்று எங்களைச் சுட்டது சட்டமன்று. நூற்றிருபது வீடுகளுக்கும் கூட்டிப் பார்த்தால் நாங்கள் மிச்சப்படுத்தியது மாதம் சுமார் 54,000 ரூபாய். அந்த மிச்சத்தின் மறுபக்கத்தில் ஒரு தாய் பெற்ற பிள்ளை ஏணியில் நின்றான். அவனை அங்கே நிறுத்திய கைகளில் எங்கள் கைகளும் உண்டு.

அவனுக்கு எங்கள் வீட்டில் காப்பி கொடுத்து உட்கார வைத்துப் பேசினோம். திருமணமாகி ஓராண்டு ஆகியிருந்தது. எங்கே வேலை, யார் அனுப்பியது என்பதையெல்லாம் சொன்னான். புறப்படும்போது, “இன்னிக்குக் கூலி போச்சும்மா” என்றான், சிரித்துக்கொண்டே. அக்கூலியை நாங்கள் கொடுத்தோம். அது கொடையன்று, கடன்.

அடுத்த ஞாயிறன்று சங்கக் கூட்டத்தில் எழுந்து, ‘சென்ற ஆண்டு எதிர்த்துக் கை உயர்த்தியவர்கள் நாங்கள், தவறு செய்துவிட்டோம்’ என்று ஒப்புக்கொண்டோம். வேறு சிலரும் எழுந்தனர். கட்டணம் உயர்ந்தது. காற்று இயந்திரம் முழு நேரமும் ஓடுகிறது. கசடு அகற்ற லாரியும் இயந்திரமும் மட்டுமே வர வேண்டும், எக்காரணத்தாலும் மனிதர் இறங்கக்கூடாது என்பது ஒப்பந்தத்தில் முதல் வரியாக எழுதப்பட்டது. கழிவுநீர் அகற்றும் உதவிக்கென உள்ள 14420 என்னும் எண், அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. அதே கூட்டத்தில் வாயிற்காவலருக்கு ஒரு கழிவறையும் ஒரு கட்டிலும் தீர்மானமாயின. ஒவ்வொரு மாடியிலும் தனித்திருக்கும் முதியோர் பெயரும், அவர்களை நாள்தோறும் கதவு தட்டி விசாரிக்கும் அண்டை வீட்டார் பெயரும் ஒரு குறிப்பேட்டில் எழுதப்பட்டன.

வாயிற்கதவின் முறைகளையும் அப்போது திருத்தினோம். அதற்குச் சில மாதங்களுக்கு முன், எங்கள் மாடியிலேயே நோயுற்றிருந்த ஒரு மூதாட்டிக்கு நற்கருணை கொண்டு வந்த பங்குத் தந்தை, வீட்டார் தொலைபேசியை எடுக்கவில்லை என்பதற்காக வாயிலில் இருபது நிமிடம் வெயிலில் நிறுத்தப்பட்டார். காவலர் மேல் குற்றமில்லை. எவரையும் விடக்கூடாதென்று அவருக்குக் கட்டளையிட்டவர்கள் நாம். இப்போது வருவோர் பெயரை எழுதுகிறார்கள், நாற்காலி தருகிறார்கள், குடிக்க நீர் தருகிறார்கள். வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் மின்தூக்கியில் ஏறக்கூடாது என்று எழுதப்படாமலே இருந்து வந்த வழக்கமும் ஒழிந்தது.

அன்பார்ந்த வாசகர்களே, ‘வாங்கலாமா?’ என்று கேட்டீர்கள். வாங்கலாம். இரவில் அச்சமின்றிக் கதவைத் திறந்து வைத்து உறங்க முடிகிறது. பேரப்பிள்ளைகள் வண்டிப் பயமின்றி ஓடியாடுகிறார்கள். ஆனால் பத்திரத்தைப் பார்ப்பதற்கு முன், வீட்டைக் காட்ட வருபவரிடம் மூன்று இடங்களைக் காட்டச் சொல்லுங்கள்: நீர் வரும் இடம், கழிவு போகும் இடம், காவலர் படுக்கும் இடம். அங்கே முன்னரே குடியிருப்பவர் ஒருவரைச் சந்தித்து, சென்ற ஆண்டின் வரவு செலவுக் கணக்கைக் கேளுங்கள். கட்டணம் மிகக் குறைவாக இருந்தால் மகிழாதீர்கள். அக்குறைவை யார் சுமக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

நாங்கள் பெரம்பூரிலிருந்து தப்பி வந்ததாக நினைத்தோம். ஏழு குடும்பங்களின் ஒண்டுக் குடித்தனத்தை விட்டு, நூற்றிருபது குடும்பங்களின் ஒண்டுக் குடித்தனத்துக்கு வந்திருக்கிறோம் என்பது இப்போதுதான் புரிகிறது. அங்கே கிணறு கண்ணெதிரே இருந்தது. ஒருவர் அசுத்தம் செய்தால் ஏழு பேரும் கண்டோம். இங்கே எல்லாம் புல்லுக்கடியில் மறைந்திருக்கின்றன. அவ்வளவே வேறுபாடு. கொல்லையைக் கழுவுவது யார் முறை என்று அன்று நாள்தோறும் சண்டையிட்டோம் அல்லவா? முறை எங்களுடையது என்று தெரிந்திருந்ததால்தான் சண்டையிட்டோம். இங்கும் முறை நம்முடையதே.

சென்ற வாரம் அந்த இளைஞனை நெமிலிச்சேரி நிலைய நடைமேடையில் கண்டோம். தோளில் ஒரு பெண் குழந்தை. “என்னம்மா, தொட்டியெல்லாம் நல்லா இருக்குதா?” என்று கேட்டான். “நல்லாயிருக்குப்பா” என்றோம். திருவள்ளூர் வண்டி வந்தது. குழந்தை எங்களைப் பார்த்துக் கையை அசைத்தது.